பல்வங்கர் பாலு: தலைமை தரப்படாத பந்துவீச்சாளர்

1911ஆம் ஆண்டு கோடையில் இந்தியாவிலிருந்து கப்பலேறி இங்கிலாந்துக்குப் போன கிரிக்கெட் அணி 23 ஆட்டங்கள் ஆடியது. 15 ஆட்டங்களில் தோற்றது. வென்றவை 6 மட்டுமே. ஆனால் அந்த அணியின் ஒரே ஒரு பந்துவீச்சாளர் அந்தச் சில மாதங்களில் 114 விக்கெட்டுகளைச் சாய்த்திருந்தார். வெள்ளைக்காரர்கள் தாங்கள் கண்டுபிடித்த விளையாட்டில், தங்கள் சொந்த மண்ணில், அவருடைய பந்தை எப்படி ஆடுவது என்று தெரியாமல் திணறினார்கள். அப்போது அவருக்கு வயது 35ஐத் தாண்டியிருந்தது. தோளில் வலி வேறு.

அவர் பெயர் பல்வங்கர் பாலு. பெயரைக் கேட்டால் நம் பக்கத்து ஊர்க்காரர்போல் இருக்கும். மராட்டியர். கொங்கணக் கரையில் பல்வன் என்ற சிற்றூரைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பம் என்பதால் பல்வங்கர். சாதியில் சாம்பார், நம் பகுதியில் அருந்ததியர் செய்துவந்ததுபோல் தோல் வேலை செய்வதைக் குலத்தொழிலாக அந்த மக்கள் மீது சுமத்தியிருந்தார்கள். செத்த மாட்டின் தோலைத் தொட்டதால் அவர்கள் தீண்டத்தகாதவர்கள். கிரிக்கெட் பந்தும் தோலில் தைப்பதுதான் என்பதை இங்கே ஞாபகப்படுத்திவிட்டு மேலே போகலாம்.

பாலு 1870களின் நடுவில் தார்வாடில் பிறந்தார். தந்தை ராணுவத்தை அண்டிப் பிழைத்தவர். குடும்பம் பூனாவில் இருந்தபோது, ராணுவ அதிகாரிகள் ஆடிக் கழித்துப்போட்ட மட்டைகளையும் பந்துகளையும் எடுத்து பாலுவும் தம்பி சிவராமும் ஆடிப் பழகினார்கள். பாலு முதலில் பார்சிகளின் கிரிக்கெட் மன்றம் ஒன்றில் மைதானம் பெருக்கி, ஆடுகளத்தில் உருளை இழுக்கும் வேலைக்குச் சேர்ந்தார். மாதம் 3 ரூபாய். 1892 வாக்கில் வெள்ளைக்காரர்களின் பூனா கிளப்புக்கு மாறினார். அங்கே 4 ரூபாய். வலை கட்டுவது, களத்துக்குக் கோடு போடுவது, டென்னிஸ் மைதானத்தைப் பார்த்துக்கொள்வது எல்லாம் அவர் வேலை.

அந்தக் கிளப்பில் ஒரு வெள்ளைக்காரர், வலையில் பயிற்சி எடுப்பவர்களுக்குப் பந்து போடும்படி பாலுவைத் தூண்டினார். அங்கிருந்துதான் எல்லாம் தொடங்கியது. இடது கையால் மெதுவாக, பந்தைச் சுழற்றிப் போடுவார். ஒரு பந்து உள்ளே வரும், அடுத்தது வெளியே போகும், மூன்றாவது எங்கே விழும் என்றே தெரியாது. அந்தக் காலத்தில் பூனாவின் பெரிய மட்டையாளர் கேப்டன் கிரெய்க். மற்றவர்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மைதானத்துக்கு வந்து, பாலுவின் பந்தில் பயிற்சி எடுப்பாராம். தன்னை ஒருமுறை ஆட்டமிழக்கச் செய்தால் எட்டணா என்று கிரெய்க் விலை வைத்திருந்ததாகவும் ஒரு கதை உண்டு. கதை உண்மையானால், மாதத்தில் எட்டு முறை கிரெய்க்கைச் சாய்த்தாலே பாலுவுக்குச் சம்பளத்துக்குச் சமமான தொகை கூடுதலாகக் கிடைத்திருக்கும்.

ஆயிரக்கணக்கான மணி நேரம் அந்த வலையில் பந்து போட்டவருக்கு ஒருநாள்கூட மட்டையைக் கையில் கொடுக்கவில்லை. மட்டை பிடிப்பது துரைமாருக்கு உரியது. வெயிலில் ஓடி ஓடிப் பந்து போடுவது வேலைக்காரனுக்கு உரியது. இந்த வேலைப் பிரிவினை வெள்ளைக்காரன் ஊரிலேயே இருந்தது. நம் நாட்டுக்கு வந்தபோது அது சாதியோடு நன்றாகப் பொருந்திக்கொண்டது.

வெள்ளைக்காரர்களின் வேலைக்காரன் இப்படிப் பந்து போடுகிறான் என்ற செய்தி பூனா இந்துக்களின் கிரிக்கெட் மன்றத்துக்கு எட்டியது. வெள்ளையரைத் தோற்கடிக்க வேண்டும் என்பது அவர்களுக்குப் பெரிய ஆசை. ஆனால் ஆள் தீண்டத்தகாதவர். மன்றத்துக்குள் விவாதம் நடந்தது. மராட்டியப் பிராமண உறுப்பினர்கள் எதிர்த்தார்கள். தெலுங்கு உறுப்பினர்கள் சேர்த்துக்கொள்ளலாம் என்றார்கள். கடைசியில் வெற்றி ஆசை வென்றது. பாலு அணிக்கு வந்தார்.

வந்தவரை எப்படி நடத்தினார்கள் என்பது நமக்குப் புதிய செய்தி அல்ல. களத்தில் அவர் எறிந்த பந்தை எல்லோரும் தொட்டார்கள், பிடித்தார்கள், வேட்டியில் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்கள். தேநீர் இடைவேளை வந்ததும் மற்றவர்கள் பெவிலியனுக்குள் பீங்கான் கோப்பையில் குடித்தார்கள். பாலு வெளியே நின்று, குடித்ததும் தூக்கிப்போடும் மண் குவளையில் குடித்தார். முகம் கழுவத் தண்ணீர் வேண்டுமென்றால் இன்னொரு தீண்டத்தகாத வேலைக்காரர் கொண்டுவந்து ஊற்றுவார். மதியச் சாப்பாடு தனித் தட்டில், தனி இடத்தில். இரட்டைக் குவளை என்று தமிழ்நாட்டில் நாம் போராடி வந்த அதே வழக்கம்தான், வெள்ளை உடுப்பு போட்ட விளையாட்டு மைதானத்தில்.

பாலு வந்த பிறகு பூனா இந்துக்கள் வெள்ளையர் அணிகளை வெல்லத் தொடங்கினார்கள். சாதாராவில் இருந்த வெள்ளையர் ஜிம்கானாவில் ஆடப்போனபோது, பாலுவின் சுழல் எடுபடாமல் இருக்க வேண்டும் என்பதற்காகப் பல நாள் உருளை ஓட்டிக் களத்தை இறுக்கி வைத்திருந்தார்களாம். உருளை இழுத்தே கிரிக்கெட்டைக் கற்றவரிடம் அந்த வேலையைக் காட்டினார்கள். அந்த ஆட்டத்தில் பாலு 7 விக்கெட் எடுத்தார். அணி பூனாவுக்குத் திரும்பியதும் பாராட்டு விழா நடந்தது. நீதிபதி ரானடே பாலுவுக்கு மாலை போட்டார். சேர்ந்து விளையாட முடிந்தவர்களுக்குச் சேர்ந்து உண்ண மட்டும் ஏன் முடியவில்லை என்ற பொருளில் மன்றத்தாருக்கு எடுத்துச் சொன்னார். திலகரும் ஒரு கூட்டத்தில் அவரைப் புகழ்ந்தார்.

1890களின் கடைசியில் பிளேக் நோய் பம்பாயையும் பூனாவையும் உலுக்கிய காலத்தில் பாலு பம்பாய்க்குக் குடிபெயர்ந்தார். முதலில் ராணுவப் பிரிவு ஒன்றிலும் பிறகு ரயில்வேயிலும் வேலை. பம்பாய் இந்து ஜிம்கானாவில் அவரைச் சேர்ப்பதற்கும் சிலர் முகம் சுளித்தார்கள். அணித்தலைவர் கீர்த்திகர் உறுதியாக நின்றதால் சேர்த்தார்கள். இங்கே ஒரு மாற்றம் நடந்தது: பூனாவில் வெளியே நின்று குடித்தவர், பம்பாயில் உள்ளே உட்கார்ந்து மற்றவர்களோடு சாப்பிட்டார்.

அப்போதைய பம்பாய் கிரிக்கெட்டைப் பற்றி மாணவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இன்று மாநிலவாரியாக அணிகள் இருப்பதுபோல் அன்று மதவாரியாக இருந்தன. ஐரோப்பியர், பார்சி, இந்து என்று மூன்று அணிகள் ஆடிய முத்தரப்புப் போட்டி 1907இல் தொடங்கியது. 1912இல் முஸ்லிம்களும் சேர்ந்து அது நாற்தரப்பானது. ஆக, பாலு ஆடிய அணியின் பெயரே இந்து அணி. கோயிலுக்குள் விடப்படாத ஒருவர், ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியாத சாதியைச் சேர்ந்தவர், இந்துக்களின் மானத்தைக் காப்பாற்றப் பந்து போட்டார். விக்கெட் தேவைப்பட்டபோது அவர் இந்து என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

1906 பிப்ரவரியில் பம்பாயில் இந்துக்களுக்கும் ஐரோப்பியருக்கும் நடந்த ஆட்டம் மிகப் பெரிய செய்தியானது. பாலுவும் சிவராமும் ஆடினார்கள். இந்துக்கள் 242, 160. ஐரோப்பியர் 191, 102. 109 ஓட்டங்கள் வித்தியாசத்தில் வெள்ளையர் தோற்றார்கள். இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து பாலுவுக்கு 8 விக்கெட். ஜப்பான் ரஷ்யாவைப் போரில் வென்றதற்கு அடுத்த ஆண்டு அது. ஆசியக்காரனால் ஐரோப்பியனை வெல்ல முடியும் என்ற பேச்சு நாடெங்கும் இருந்தது. சீர்திருத்தவாதிகள் இந்த வெற்றியில் இன்னொன்றையும் பார்த்தார்கள்: சாதியைத் தள்ளிவைத்ததால் வந்த வெற்றி இது என்று எழுதினார்கள்.

இந்தப் பின்னணியில்தான் 1911 இங்கிலாந்துப் பயணம். அணியில் பார்சிகள், இந்துக்கள், முஸ்லிம்கள் எல்லோரும் இருந்தார்கள். இரண்டு பேர் தலித்துகள்: பாலுவும் சிவராமும். தலைவர் பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங். வயது 19. அவர் சில ஆட்டங்களோடு நிறுத்திக்கொண்டு, ஐந்தாம் ஜார்ஜின் முடிசூட்டு விழா நடந்த அந்தக் கோடையில் லண்டன் விருந்துகளுக்குப் போய்விட்டார். அணியின் சிறந்த மட்டையாளரான மிஸ்திரி மகாராஜாவின் பணியில் இருந்தவர். அவரும் பெரும்பாலான ஆட்டங்களுக்கு இல்லை. மீதி இருந்தவர்கள் பழக்கமில்லாத மண்ணில், வாரம் முழுக்க ஊர் ஊராகப் போய் ஆடினார்கள்.

பாலு பந்து போட்டார். லார்ட்ஸ் மைதானத்தில் எம்.சி.சி.க்கு எதிராக 4 விக்கெட். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு எதிராக ஒரே இன்னிங்ஸில் 103 ஓட்டங்களுக்கு 8 விக்கெட். லெஸ்டர்ஷயர் கவுண்டி அணியை இந்தியர்கள் வென்றபோது இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 11 விக்கெட். அதை அடுத்து சாமர்செட் அணியோடு நடந்த ஆட்டத்தில் தம்பி சிவராம் ஆட்டமிழக்காமல் சதம் அடித்தார்; பூனாவில் மட்டையே கொடுக்கப்படாத பாலு அரைச்சதம் அடித்தார். ஒரு விக்கெட் மீதமிருக்க இந்தியா வென்றது. அந்தச் சுற்றுப்பயணத்தின் முதல்தர ஆட்டங்களில் இந்தியாவுக்குக் கிடைத்த வெற்றிகள் இந்த இரண்டு மட்டுமே. இரண்டிலும் அந்தச் சகோதரர்களின் கை இருக்கிறது. விக்கெட்டுக்குப் பின்னால் நின்று பாலுவின் பந்தைப் பிடித்தவர் சேஷாச்சாரி. பெயரே சாதியைச் சொல்லும். ஊரில் நிழல் படக்கூடாது என்ற இரண்டு சாதிகள் அங்கே ஆடுகளத்தின் இரு முனைகளில் நின்று ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்து வேலை செய்தன.

முதல்தர ஆட்டங்களில் 75, மற்ற ஆட்டங்களையும் சேர்த்து 114 விக்கெட். ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த ஓட்டம் சராசரி 19க்கும் குறைவு. மொத்தக் கிரிக்கெட் வாழ்க்கையில் முதல்தர ஆட்டங்கள் 33, விக்கெட் 179, சராசரி 15.21. கிரிக்கெட் தெரிந்தவர்கள் இந்தக் கடைசி எண்ணை ஒருமுறை திரும்பப் படித்துப் பார்க்கலாம்.

பயணம் முடிந்து திரும்பியபோது பம்பாயில் ஒடுக்கப்பட்ட மக்கள் கூடி அவருக்கு வரவேற்புக் கொடுத்தார்கள். அந்த விழாவின் வரவேற்பு மடலைத் தயாரித்தவர் பீமராவ் அம்பேத்கர் என்று பாலுவின் வரலாற்றை ஆராய்ந்தவர்கள் குறிப்பிடுகிறார்கள். அம்பேத்கருக்கு அப்போது 20 வயது. எல்பின்ஸ்டன் கல்லூரி மாணவர். தன் மக்களில் ஒருவர் உலகம் பார்க்க நிமிர்ந்து நின்றதில் அந்த மாணவருக்கு என்ன பெருமை இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். பாலு அவருக்கு அன்று ஒரு நாயகர்.

இனி வருவது தலைமை பற்றிய கதை. திரும்பி வந்த பாலுதான் இந்து அணியில் மூத்தவர், அதிகம் சாதித்தவர். தலைவர் பதவி அவருக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவருக்குப் பின்னால் அணிக்கு வந்த எம்.டி. பாய் என்ற பிராமணருக்குப் போனது. பாய் நேர்மையானவர். 1913இல் தன் சாதிக்காரர்கள் நடத்திய பாராட்டு விழாவிலேயே, இந்தப் பதவி பாலுவுக்கு உரியது என்று வெளிப்படையாகச் சொன்னார். அதற்குப் பிறகும் ஆண்டுக்கு ஆண்டு பாலுவின் பெயர் பேசப்படும், ஆண்டுக்கு ஆண்டு தள்ளிப்போகும். இதற்குள் கண்பத், விட்டல் என்ற தம்பிகளும் வளர்ந்து, நான்கு சகோதரர்கள் ஒரே இந்து அணியில் ஆடிய காலமும் வந்தது. அணியில் மூன்றில் ஒரு பங்கு பல்வங்கர்கள். தலைவர் மட்டும் வேறு ஒருவர்.

கலசப்பாக்கம், போளூர், ஆரணி பக்கத்தில் செய்யாறு வற்றும் மாதங்களில் மணலில் கிரிக்கெட் ஆடுகிற பிள்ளைகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. பொங்கல் டோர்னமென்ட் வந்தால் நன்றாகப் பந்து போடும் காலனிப் பையனை ஊர் டீம் வந்து அழைத்துப்போகும். ஜெயித்தால் தோளில் கை போடும். கேப்டன் யார், கோப்பையை மேடை ஏறி வாங்குவது யார், அது எந்தத் தெருவில் யார் வீட்டில் இருக்கும் என்ற பேச்சு வரும்போது அந்தப் பையன் பெயர் எத்தனை இடங்களில் வருகிறது என்று அவர்களே எண்ணிப் பார்க்கட்டும்.

1920இல் விஷயம் வெடித்தது. நாற்தரப்புப் போட்டியில் பாய் உடல்நலம் சரியில்லாமல் முதல் ஆட்டத்துக்கு வரவில்லை. தேர்வுக்குழு பாலுவை அணியிலிருந்தே நீக்கியது. தலைமையை, சகோதரர்களைவிட வயதிலும் அனுபவத்திலும் இளையவரான டி.பி. தேவ்தருக்குக் கொடுத்தது. சிவராமும் விட்டலும் அந்த நிமிடமே அணியை விட்டு விலகினார்கள். விலகியதோடு நிற்காமல் காரணத்தையும் பொதுவெளியில் எழுதினார்கள். தாங்கள் ஒடுக்கப்பட்ட சாதி என்பதால்தான் இந்த அவமதிப்பு என்று எழுத அவர்கள் தயங்கவில்லை. கெஞ்சவில்லை, மழுப்பவில்லை. இந்தியாவில் விளையாட்டு மைதானத்தில் தீண்டாமைக்கு எதிராக நடந்த முதல் வேலைநிறுத்தம் என்றே நான் இதைச் சொல்வேன். அதே ஆண்டுதான் காந்தியின் ஒத்துழையாமை இயக்கம் தொடங்கியது. தீண்டாமை ஒழியாமல் சுயராஜ்யம் இல்லை என்று மேடைகளில் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சைக் கேட்டவர்கள் இந்த விலகலை அவ்வளவு எளிதாக ஒதுக்க முடியவில்லை.

இறுதி ஆட்டத்துக்குள் ஜிம்கானா இறங்கிவந்தது. பாய் தலைவராகத் திரும்பினார், பாலு துணைத்தலைவராக அணிக்குள் வந்தார், தம்பிகளும் திரும்பினார்கள். ஆட்டத்தின் நடுவே பாய் சிறிது நேரம் களத்தை விட்டு வெளியே போனார். அந்த நேரம் பாலு அணியை நடத்தினார். வேண்டுமென்றேதான் பாய் அப்படிச் செய்தார் என்பார்கள். கால் நூற்றாண்டு உழைப்புக்குக் கிடைத்த தலைமை அவ்வளவுதான். அதன் பிறகு அவர் பெரிய ஆட்டங்கள் ஆடவில்லை.

பலன் தம்பிக்குக் கிடைத்தது. 1923இல் விட்டல் இந்து அணியின் தலைவரானார். அந்த ஆண்டு ஐரோப்பியரை வென்றபோது பம்பாய் மக்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். தூக்கியவர்களில் உயர்சாதிக்காரர்களும் இருந்தார்கள்.

பாலுவின் பிற்கால வாழ்க்கையைப் பற்றி எழுதும்போது நம்மவர்களில் சிலர் சங்கடப்பட்டு அந்தப் பக்கத்தைத் தாண்டிவிடுகிறார்கள். தாண்டத் தேவையில்லை. 1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தனி வாக்காளர் தொகுதி அறிவித்தது. அம்பேத்கர் வட்டமேசை மாநாட்டில் போராடிப் பெற்றது அது. எரவாடா சிறையில் காந்தி உண்ணாவிரதம் தொடங்கினார். பாலு இந்த விஷயத்தில் நம் சென்னை எம்.சி. ராஜாவின் பக்கம் நின்றார்: தனித் தொகுதி வேண்டாம், கூட்டுத் தொகுதியில் ஒதுக்கீடு போதும் என்பது அவர்கள் நிலை. செப்டம்பர் 24ஆம் தேதி பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. மாகாண சட்டமன்றங்களில் 71 இடங்களுக்குப் பதிலாக 148 ஒதுக்கப்பட்ட இடங்கள். ஆனால் தன் பிரதிநிதியைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமை போனது. அம்பேத்கர், இரட்டைமலை சீனிவாசன், எம்.சி. ராஜா ஆகியோர் கையெழுத்திட்ட அந்தத் தாளில் பாலுவின் கையெழுத்தும் இருக்கிறது. 40 ஆண்டுகளுக்கு முன் 4 ரூபாய்க்கு உருளை இழுத்த அதே பூனா நகரம்.

1937 பம்பாய் சட்டமன்றத் தேர்தலில் காங்கிரஸ் பாலுவை அம்பேத்கருக்கு எதிராகவே நிறுத்தியது. அம்பேத்கர் 13,245 வாக்குகள் பெற்று வென்றார். பாலு பெற்றது 11,225. ஒருகாலத்தில் வரவேற்பு மடல் தந்தவரும் அதைப் பெற்றுக்கொண்டவரும் ஒருவரை ஒருவர் எதிர்த்து வாக்குக் கேட்ட தேர்தல் அது. மதம் மாறுவேன் என்று 1935இல் அம்பேத்கர் அறிவித்ததையும் பாலு ஏற்கவில்லை.

இதற்காக அவரைத் துரோகி என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். அவர் கண்டது அவருடைய வாழ்க்கை. மண் குவளை பீங்கான் கோப்பையானதை, வெளியே இருந்த தட்டு உள்ளே வந்ததை, தம்பி தலைவரானதை அவர் தன் கண்ணால் பார்த்தார். இந்துக்களின் மனம் மாறும் என்பதற்கு அவரே சாட்சி என்று அவர் நம்பியதில் வியப்பில்லை. ஆனால் அந்த மாற்றத்துக்கு அவர் கொடுத்த விலையை அவர் கணக்கில் எடுத்தாரா என்ற கேள்வி இருக்கிறது. அவருக்குக் கதவு திறந்தது அவர் கையில் யாருக்கும் வராத சுழல் இருந்ததால். அப்போதும் பாதிதான் திறந்தது. சேரியில் இருக்கும் கோடிப் பேரில் எத்தனை பேர் 114 விக்கெட் எடுக்க முடியும்? எடுக்காதவன் எங்கே உட்கார்ந்து தேநீர் குடிப்பான்? அம்பேத்கர் அந்த எடுக்காதவனுக்காகப் பேசினார். இருவருக்கும் இருந்த வேறுபாடு இதுதான் என்று நான் நினைக்கிறேன். இன்று தகுதி, திறமை என்று பேசி இடஒதுக்கீட்டை எதிர்ப்பவர்களிடம் பாலுவின் கதையைக் கேட்டிருக்கிறீர்களா என்று நம் மாணவர்கள் கேட்கலாம். அவரைவிடத் தகுதி யாருக்கு இருந்தது? அவருக்கே கேப்டன் பதவி வரவில்லை.

தம்பி விட்டல் தன் விளையாட்டு வாழ்க்கையை மராத்தியில் எழுதி வைத்தார். பாலு எழுதவில்லை. பல பத்தாண்டுகள் அவரைப் பற்றிப் பேச ஆளில்லை. 2002இல் வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குகா இந்தியக் கிரிக்கெட்டின் சமூக வரலாற்றை எழுதியபோதுதான் படித்தவர்கள் நடுவிலேயே அவர் பெயர் மீண்டும் பரவலாகத் தெரியவந்தது. ரஞ்சியின் பெயரில் கோப்பை உண்டு. 1920இல் தலைமை பெற்ற தேவ்தரின் பெயரிலும் கோப்பை உண்டு. ரஞ்சி இந்தியாவுக்காக ஆடியவரே அல்ல என்பது வேறு விஷயம்.

இந்தியா தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை லார்ட்ஸ் மைதானத்தில் ஆடியது 1932 ஜூனில். பூனா ஒப்பந்தத்துக்கு மூன்று மாதம் முன்பு. பாலு அப்போது 50 வயதைத் தாண்டிவிட்டிருந்தார். 1955 ஜூலை 4ஆம் தேதி பம்பாயில் காலமானார். அடுத்த ஆண்டு அக்டோபரில் அம்பேத்கர் நாக்பூரில் பௌத்தம் தழுவினார்.